வழக்கத்தைவிட மெலிந்த நாணயம் கிடைத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில்லறையைப் புரட்டும்போது ஒரு நாணயம் மட்டும் விரலுக்குத் தகடு மாதிரி படும். உடனே மனம் 'இது மின்ட் பிழையாக, அதாவது நாணய ஆலையிலேயே நேர்ந்த தவறாக இருக்குமோ' என்று ஓடும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் இந்தப் பக்கம். தடிமனை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எடை, விட்டம், தடிமன் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். உதாரணங்களைப் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் நாணயங்களிலிருந்து எடுத்திருக்கிறேன். அவற்றின் அளவுகளும் பிழைகளும் நன்றாகப் பதிவாகியிருப்பதுதான் காரணம். பார்க்கும் முறை எல்லா நாட்டு நாணயங்களுக்கும் ஒன்றே.

என் நாணயம் மற்றவற்றைவிட மெலிதாக இருக்கிறது. இது மின்ட் பிழைதானே?

இருக்கலாம். ஆனால் பெரும்பாலான மெலிந்த நாணயங்கள் மின்ட்டை விட்டு வெளியே வந்த பிறகு மெலிந்தவை. அமிலம், அரம், சுத்தியல், மண், நீண்ட நாள் புழக்கம் என்று காரணங்கள் ஏராளம். அதனால் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாணயம் அடிக்கும் வேலையில் எந்தக் கட்டத்தில் என்ன தவறினால் இப்படி ஒன்று வெளியே வரும்? அதற்குப் பதில் கிடைத்தால் பிழை என்று பேசத் தொடங்கலாம். கிடைக்காவிட்டால் அது சேதமடைந்த நாணயம்.

அதற்கு நாணயம் உருவாகும் விதம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உலோகப் பாளத்தை உருளைகளுக்கிடையே விட்டுத் தேவையான தடிமனுக்குத் தகடாக்குவார்கள். தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெட்டுவார்கள். வெட்டிய வில்லைகளைச் சூடாக்கி மென்மையாக்கி, கழுவி, ஓரத்தை அழுத்தி விளிம்பை உயர்த்துவார்கள். கடைசியாக, மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே வைத்து ஒரே அடி. அடிக்கும் கணத்தில் உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் இருக்க, சுற்றிலும் காலர் என்ற எஃகு வளையம் இருக்கும். நாணயத்தின் சரியான விட்டமும், பக்கவாட்டில் தெரியும் வரிப்பள்ளங்களும் அந்தக் காலர் தருவதுதான்.

முதலில் எதை அளக்க வேண்டும்? என்னென்ன கருவிகள் தேவை?

எடைதான் முதலில். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, தடிமனையும் விட்டத்தையும் இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்து அளக்கும் டிஜிட்டல் காலிபர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம். இவை போதும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே ஒழுங்காகக் காட்டாது, அது உதவாது.

காலிபரில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் தாடைகள் முதலில் தொடுவது உயர்ந்த விளிம்பைத்தான், அதாவது நீங்கள் படிப்பது விளிம்பின் உயரம். விளிம்பு தேய்ந்தாலோ நசுங்கினாலோ அளவு மாறிவிடும். சுற்றிலும் நாலைந்து இடத்தில் அளந்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள். தாடை உலோகத்தில் கீறாமல் இருக்க மெல்லிய காகிதத்தை இருபுறமும் வைத்து, காகிதத்தோடு சேர்த்துக் காலிபரைப் பூஜ்யமாக்கிவிட்டு அளக்கலாம். 0.05 மி.மீ. வித்தியாசத்தையெல்லாம் பொருட்படுத்த வேண்டாம். ஒரே பையிலிருந்து வந்த புத்தம்புது நாணயங்களிலேயே அது இருக்கும்.

இன்னொன்று: அதே வகை, அதே ஆண்டு நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளங்கள். தராசில் கோளாறு இருந்தாலும் ஒப்பிடும்போது தெரிந்துவிடும்.

'அதே ஆண்டு' என்று ஏன் அழுத்திச் சொல்கிறீர்கள்?

ஒரே முகமதிப்பு, ஒரே தோற்றம் இருந்தும் வெவ்வேறு தடிமனில் அதிகாரபூர்வமாகவே நாணயங்கள் வந்திருக்கின்றன. பிரிட்டிஷ் ஒரு பென்னி நல்ல உதாரணம். 1992-இல் அது வெண்கலத்திலிருந்து செம்பு முலாம் பூசிய எஃகுக்கு மாறியது. எடை 3.56 கிராம் என்பது மாறவில்லை. எஃகு வெண்கலத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடைக்குத் தடிமனைக் கூட்ட வேண்டியிருந்தது: 1.52 மி.மீ. இருந்தது 1.65 மி.மீ. ஆனது. பத்து பென்ஸ் 2012-இல் நிக்கல் முலாம் எஃகுக்கு மாறியபோதும் இதே கதை: 1.85 மி.மீ.யிலிருந்து 2.05 மி.மீ. ஆகவே புதிய நாணயங்களுக்கு நடுவே ஒரு பழைய பென்னி வந்து விழுந்தால் மெலிந்து போனது போலத்தான் தெரியும். காந்தத்தைக் கொண்டுபோனால் விஷயம் முடிந்தது: எஃகு ஒட்டும், வெண்கலம் ஒட்டாது.

மெலிதாகவே இருக்க வேண்டும் என்று வடிவமைத்தவையும் உண்டு. 1851-இல் தொடங்கிய அமெரிக்க மூன்று சென்ட் வெள்ளி நாணயம் 14 மி.மீ. விட்டமும் 0.8 கிராம் எடையும் கொண்டது. மக்கள் அதை 'மீன் செதில்' என்றே அழைத்தார்கள். இடைக்கால ஜெர்மன் நிலப்பகுதிகளில் பிராக்டியேட் என்ற ஒருபக்க வெள்ளி நாணயம் புழங்கியது. தகடு அவ்வளவு மெலிது என்பதால், முன்னால் மேடாகத் தெரியும் உருவம் பின்னால் பள்ளமாகத் தெரியும். கையால் அடித்த பழங்கால நாணயங்களில் தடிமன் ஆளுக்கு ஆள், அடிக்கு அடி மாறும். இந்தப் பக்கத்தில் சொல்லும் சோதனைகள் இயந்திரத்தில் அடித்த நாணயங்களுக்கு மட்டுமே.

எடை எவ்வளவு குறைந்தால் சந்தேகப்படலாம்?

ஒவ்வொரு மின்ட்டும் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் ஒன்று உண்டு. அமெரிக்க ஐந்து சென்ட்டுக்கு 5.00 கிராம், கூடவோ குறையவோ 0.194. கால் டாலருக்கு 5.67 கிராம், ஏற்ற இறக்கம் 0.227. பத்து சென்ட்டுக்கு 2.268 கிராம், ஏற்ற இறக்கம் 0.091. 1982-க்குப் பிந்தைய துத்தநாக சென்ட்டுக்கு 2.50 கிராம், ஏற்ற இறக்கம் 0.10. அதாவது தோராயமாக நான்கு சதவீதம். இந்த வரம்புக்குள் இருக்கும் நாணயம் சற்று மெலிதாகப் பட்டாலும் அதில் பேச ஒன்றுமில்லை. வரம்பைவிட நன்றாகக் குறைந்து, பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று போனால் கூர்ந்து பார்க்க வேண்டிய நாணயம் அது.

1982 சென்ட்டில் ஒரு குழப்பம் வரும். அந்த ஒரே ஆண்டில் 3.11 கிராம் செம்பு சென்ட்டும் 2.50 கிராம் துத்தநாக சென்ட்டும் இரண்டுமே அடிக்கப்பட்டன. எடையை மட்டும் பார்த்து, குறைந்துவிட்டது என்று பதறிவிடக் கூடாது.

எடை சரியாக இருக்கிறது, ஆனால் நாணயம் மெலிது. இது எப்படி?

உலோகம் எங்கும் போகவில்லை, பரவியிருக்கிறது என்று அர்த்தம். இப்போது விட்டத்தைப் பாருங்கள். கூடியிருக்குமே!

மின்ட்டில் இது நடக்க ஒரு வழி உண்டு. காலர் சரியான இடத்தில் இல்லாமல் அடி விழுந்தால், தடுப்பார் இல்லாமல் உலோகம் வெளிப்பக்கம் பரவும். அப்படி அடிபட்ட நாணயம் அகலமாகவும் மெலிதாகவும் இருக்கும், பக்கவாட்டில் வரிகளே இருக்காது, மழமழவென்று இருக்கும். எழுத்துகள் அச்சில் உள்ள அதே அளவில்தான் இருக்கும். எழுத்துக்கு வெளியே இருக்கும் வெற்று ஓரம்தான் அகலமாகும். சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் உண்மையான பிழை இது.

வெளியே நடப்பது வேறு மாதிரி. தோல் போன்ற மெத்தென்ற பொருள் இரண்டுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்து நாணயத்தைப் பெரிதாக்குபவர்கள் இருக்கிறார்கள். அதில் உருவமும் எழுத்துகளும் சேர்ந்தே பெரிதாகி, விளிம்புக்கு அருகில் இழுபட்டு மங்கும். மின்ட் அச்சில் இருக்கும் எழுத்து அடியால் பெரிதாகாது. ஆகவே எழுத்து பெரிதாகியிருந்தால் அது வெளி வேலைதான். ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியதைச் சொல்லவே வேண்டாம், நீள்வட்டமாகிவிடும்.

அரிதாக வரும் மூன்றாவது வகை ஒன்று. அடிபட்ட நாணயம் கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்தடுத்த வில்லைகளை அதுவே அடிக்கும். அப்போது அதன் நடுப்பகுதி அடிக்கு அடி மெலிந்து, ஓரங்கள் அச்சைத் தழுவி மேலே ஏறும். கடைசியில் குழிந்த மூடி போல ஒரு பொருள் மிஞ்சும்.

எடையும் குறைவு, விட்டம் மட்டும் சரியாக இருக்கிறது. இது நல்ல அறிகுறியா?

ஆம், இதுதான் கவனத்தைக் கோரும் சேர்க்கை. வில்லையே மெலிதாகப் பிறந்திருக்கலாம். தகட்டை உருட்டும்போது உருளைகளுக்கிடையே இடைவெளி குறைந்திருந்தால் முழு நீளமும் மெலியும். தகட்டின் முனைப்பகுதி சரிவாக இருக்க, அங்கே வெட்டிய வில்லை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அல்லது வேறொரு நாணயத்துக்கான தகட்டில் இந்த நாணயத்தின் வில்லையை வெட்டியிருக்கலாம்.

கடைசியில் சொன்னதற்குப் பெயர்பெற்ற உதாரணம் 1970-ஆம் ஆண்டு டென்வர் மின்ட்டின் கால் டாலர். பத்து சென்ட்டுக்கான மெல்லிய தகட்டிலிருந்து கால் டாலர் விட்டத்துக்கு வில்லைகளை வெட்டிவிட்டார்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கால் டாலரின் தடிமன் 1.75 மி.மீ., பத்து சென்ட்டின் தடிமன் 1.35 மி.மீ. 1.35-ஐ 1.75-ஆல் வகுத்து 5.67-ஆல் பெருக்கினால் 4.37 வரும். எனவே அப்படிப்பட்ட கால் டாலர் நாலரை கிராமுக்குக் கீழே நிற்க வேண்டும். இந்த வகுத்தல் பெருக்கலை உங்கள் நாணயத்துக்கும் செய்து பாருங்கள். அதே நாட்டின் வேறொரு நாணயத்தின் தகட்டோடு எடை பொருந்திப்போனால் உங்கள் ஊகத்துக்கு நல்ல பலம்.

எடையோடு நின்றுவிடாமல் அடியின் தடத்தையும் பார்க்க வேண்டும். அச்சுகள் இரண்டும் குறிப்பிட்ட இடைவெளி வரைதான் நெருங்கும். வில்லை மெலிது என்றால் அச்சின் ஆழமான குழிகளை நிரப்ப உலோகம் போதாது. அதனால் இருபக்கமும் எதிரெதிரே ஒரே இடத்தில் உருவம் மங்கும். உருவப்படத்தின் தோள், கூந்தல் போன்ற மேடான பகுதிகள் முதலில் அடிவாங்கும். காலர் வரை உலோகம் அழுத்தமாகப் போய்ச் சேராததால் பக்கவாட்டு வரிகளும் மேலோட்டமாக இருக்கும்.

லென்ஸில் பார்க்கும்போது இன்னொரு சான்று கிடைக்கும். வில்லைகள் ஒன்றோடொன்று உரசி வாங்கிய சின்னச் சின்னக் கீறல்களும் வடுக்களும் வழக்கமாக அடியின் அழுத்தத்தில் அழிந்துவிடும். மெலிந்த வில்லையில் மங்கிய பகுதிக்குள் அவை அப்படியே தங்கியிருக்கும். அதைச் சுற்றிலும் நாணயம் புதுசு போலப் பளபளக்கும். எனக்கு இதுதான் மிகவும் நம்பகமான அடையாளம். தேய்ந்து மங்கிய நாணயத்தில் மேடுகள் வழவழப்பாகிவிடும், வில்லையின் பழைய வடுக்கள் அங்கே மிஞ்ச வழியே இல்லை.

உருவம் மங்கி எடை சரியாக இருந்தால், அச்சில் கிரீஸ் அடைத்திருக்கலாம். அதுவும் மின்ட் பிழைதான், ஆனால் மெலிந்த வில்லை கிடையாது.

ஒரு பக்கம் பளிச்சென்று இருக்கிறது, மறுபக்கம் சொரசொரப்பாக உருவமே இல்லை. என்ன இது?

வில்லை இரண்டாகப் பிளந்திருக்கலாம். உலோகப் பாளத்துக்குள் வாயுக் குமிழியோ ஆக்சைடோ அழுக்கோ சிக்கியிருந்தால், உருட்டும்போது அது நீண்டு பரந்து தகட்டுக்குள் ஒரு பலவீனமான அடுக்காகிவிடும். சிறிதாக இருந்தால் மேலே செதில் உரியும். பெரிதாக இருந்தால் நாணயமே இரண்டு தகடாகப் பிரியும். 1942 முதல் 1945 வரை போர்க்காலத்தில் அடித்த, 35 சதவீதம் வெள்ளியும் 9 சதவீதம் மாங்கனீசும் கலந்த அமெரிக்க ஐந்து சென்ட் நாணயங்களில் செதில் உரிவது அடிக்கடி காணப்படும்.

பிளவு எப்போது நடந்தது என்பது முக்கியம். அடித்த பிறகு பிளந்திருந்தால் ஒரு பக்கம் குறையே இல்லாத நாணயம், மறுபக்கம் உள் உலோகம் மட்டும். அங்கே ஒரே திசையில் ஓடும் வரிகள் தெரியும், மரத்தைப் பிளந்தால் தெரியும் நார் மாதிரி. சில நேரம் மங்கலான நிழலுருவமும் தெரியும். அடிக்கும் முன்பே பிளந்திருந்தால் மெலிந்த தகட்டின் மேல் இரண்டு அச்சும் விழுந்திருக்கும். இருபக்கமும் உருவம் உண்டு, ஆனால் பலவீனமாக, பிளந்த பக்கத்தில் அந்த வரிகள் உருவத்தின் ஊடாகவே ஓடும்.

ஆளை ஏமாற்றுவது அரம் போட்ட நாணயம். அரம், உப்புத்தாள் தேய்த்த பரப்பிலும் கோடுகள் இருக்கும் என்பதால் புகைப்படத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். லென்ஸில் அப்படி இல்லை. தேய்த்த கோடுகள் சீரான ஆழத்தில், அடிமட்டம் வரை பளபளப்பாக, பெரும்பாலும் இரண்டு மூன்று திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். ஓரத்தில் கூர்மையான பிசிறு நிற்கும். பிளந்த பரப்பின் வரிகள் ஒழுங்கற்றவை. சில ஆரம்பித்த இடத்திலேயே முடியும், சில கிழிந்து சின்னப் படிக்கட்டாக இறங்கும். பரப்பு மொத்தமும் பளபளப்பில்லாமல் மங்கலாக, பெரும்பாலும் நாணயத்தின் மற்றப் பகுதியைப் போலவே நிறம் மாறியிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் செம்பு நிறம், நாணயமும் மெலிது. என்ன காரணம்?

1965-க்குப் பின் வந்த அமெரிக்கக் கால் டாலர், பத்து சென்ட் போன்றவை மூன்று அடுக்குக் கொண்டவை: நடுவே சுத்தமான செம்பு, இருபுறமும் செம்பு நிக்கல் கலவை. மேலடுக்கு ஒன்று ஒட்டாமல் போனால் அந்தப் பக்கம் செம்பாகத் தெரியும். இரண்டு மேலடுக்கும் சேர்ந்து எடையில் மூன்றில் ஒரு பங்கு, ஆக ஒன்று போனால் ஆறில் ஒரு பங்கு குறையும். கால் டாலர் 4.7 கிராம் அளவில் நிற்க வேண்டும். எடை 5.6-க்கு மேலே இருந்து ஒரு பக்கம் சிவந்திருந்தால் அது கறையோ, யாரோ போட்ட முலாமோதான். இந்த ஒரு சோதனையை மட்டும் செய்தாலே எத்தனையோ பேரின் ஏமாற்றம் மிச்சமாகும்.

அமிலத்தில் போட்ட நாணயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமிலம் எல்லாப் பக்கத்திலிருந்தும் தின்னும். அதனால் தடிமனோடு விட்டமும் குறையும். காலருக்குள் அடித்த நாணயத்தில் விட்டம் குறைய மின்ட்டில் வாய்ப்பு மிகக் குறைவு, தவறான சின்ன வில்லையில் அடித்திருந்தால் தவிர. அந்த வகையில் எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்படும். அமிலத்தில் போட்டதில் எழுத்துகள் முழுதாக இருக்கும், ஆனால் மெலிந்து நோஞ்சானாக இருக்கும். பரப்பு சோப்பு தேய்ந்த மாதிரியோ பொடிப்பொடிக் குழிகளாகவோ இருக்கும். அடுக்கு நாணயங்களில் பக்கவாட்டைப் பாருங்கள்: அடுக்குகள் ஒரே வேகத்தில் கரைவதில்லை என்பதால் ஒன்று உள்வாங்கி வாய்க்கால் போட்டிருக்கும். நெடுநாள் மண்ணில் கிடந்த நாணயத்திலும் இதே தோற்றம் வரும்.

துத்தநாக சென்ட்டில் செம்பு முலாம் ஓரிடத்தில் ஓட்டையானால் உள்ளே இருக்கும் துத்தநாகம் வேகமாக அரிக்கும். சாம்பல் நிறத்தில் மெலிந்து வரும் சென்ட்டுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை.

வெறும் தேய்மானமாக இருந்தால்?

உடனே தெரியும். விளிம்பும் உயர்ந்த மேடுகளும் முதலில் போகும், பள்ளத்தில் இருப்பது கடைசிவரை தங்கும். எடை கொஞ்சம்தான் குறையும்.

உள்ளே குடைந்த நாணயம் என்கிறார்களே?

மந்திர வித்தைக்காகவும், இருபக்கமும் தலை உள்ள நாணயம் செய்யவும் கடைசல் இயந்திரத்தில் நாணயத்தைக் குடைவார்கள். அதன் ஒரு பாதி பிரிந்து புழக்கத்துக்கு வந்துவிடும். குடைந்த பக்கத்தில் ஒரே மையத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் இருக்கும். பிளந்த வில்லையின் வரிகள் இப்படி வட்டமிடாது, ஒழுங்கற்று இருந்தாலும் ஒரே திசையில்தான் ஓடும்.

போலி நாணயமாக இருக்குமோ?

வார்ப்பில் செய்த போலிகளில் பரப்பில் ஊசித் துளைகளும், பக்கவாட்டில் இணைப்புக் கோடும், எழுத்தின் ஓரங்களில் மழுங்கலும் தெரியும். உலோகத்தையே சோதிக்க வேண்டுமென்றால் அடர்த்தியை அளக்கலாம். தராசின் மேல் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். கால் டாலர் என்றால் 0.64 அருகே காட்டும், 5.67-ஐ அதனால் வகுத்தால் 8.9 வரும். துத்தநாகம் 7.1, எஃகு 7.8 சுற்று, சுத்த வெள்ளி 10.5. அடர்த்தி சரியாக இருந்தால் உலோகம் சரி என்று வைத்துக்கொள்ளலாம். மேலடுக்கு போன நாணயத்துக்கு மட்டும் இது உதவாது. செம்பும் செம்பு நிக்கலும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி.

கழுவிவிட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன சான்றுகளெல்லாம் பரப்பில் இருப்பவை. பழைய நிறம், வில்லையின் வடு, பிளவின் மங்கல் எல்லாம் ஒரு துடைப்பில் போய்விடும். தேய்த்த நாணயத்தைப் பார்க்கும் யாருக்கும் முதலில் வருவது சந்தேகம்தான். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், பிவிசி என்ற பிளாஸ்டிக் கலக்காத உறையில் வையுங்கள்.

வேறொருவரிடம் காட்ட என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

இரண்டு பதின்மம் வரையிலான எடை, இரண்டு திசையில் விட்டம், நாலு இடத்தில் விளிம்புத் தடிமன், காந்தம் ஒட்டுகிறதா இல்லையா என்பது. புகைப்படம் இரு பக்கத்துக்கும் தனித்தனியாக, அதோடு பக்கவாட்டுக்கு ஒன்று, சாதாரண நாணயத்தோடு ஒட்டி நிறுத்தி. பக்கவாட்டுப் படத்தைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள், ஆனால் வரிகளும் அடுக்குகளும் பிளவும் அதில்தான் தெரியும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும். நேர்வெளிச்சத்தில் வரிகள் மறைந்துபோகும்.

எல்லாச் சோதனையிலும் தேறிய நாணயத்தைப் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற சான்றளிப்பு நிறுவனங்களுக்கு அனுப்பலாம். அவர்கள் பிழை நாணயங்களை ஆராய்ந்து, இன்ன பிழை என்று குறித்து உறையிலிட்டுத் தருவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு என்பதால், எடை வரம்புக்குள் இருக்கும் நாணயத்தையும் (காலர் விலகி அகலமான பிழை நாணயம் தவிர) விட்டம் சுருங்கிய நாணயத்தையும் அனுப்பாதீர்கள். எடை தெளிவாகக் குறைந்து, விட்டம் சரியாக இருந்து, அடி பலவீனமாகவோ ஒரு பக்கம் பிளந்தோ இருக்கும் நாணயத்தை அனுப்புங்கள்.